பழைய மீட்டரை வாங்கும் முன்பும், திறக்கும் முன்பும்

சென்னைப் புதுப்பேட்டைக்குப் பழைய கார் மீட்டர் வாங்கப் போகிறீர்களா? சட்டைப்பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு 68 ஓம் ரெசிஸ்டர், இரண்டு துண்டு வயர் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாமே ரிச்சி தெருவில் கிடைக்கும். அங்கிருந்து கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை.

எங்கள் வீட்டு வண்டி அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மெட்ராஸிலேயே செய்த கார். அதற்குப் பெட்ரோல் மீட்டர் தேடித்தான் இந்தப் பழக்கம் வந்தது. "எல்லாம் ஓடுற மீட்டர்தான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். "ஒரு நிமிஷம் பாய், இங்கேயே பார்த்துடறேன்" என்று பேட்டரி, ரெசிஸ்டர், மீட்டர் மூன்றையும் வரிசையாக இணைத்தேன். முதலில் அசைவில்லை. அப்புறம் முள் மெல்ல எழுந்து, பாதிக்குச் சற்றுக் கீழே போய் நின்றது. நல்ல மீட்டர்.

இந்தச் சோதனை, முள் மெதுவாக ஏறும் வகைக்குத்தான். அதற்குள்ளே இருப்பது கம்பி சுற்றிய இரட்டை உலோகத் தகடு. மின்சாரத்தில் சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகிறது. இது சுமார் 10 வோல்ட்டில் ஓடுவது. நேராக 12 வோல்ட் கொடுத்து வைத்தால் நாளடைவில் கெட்டுவிடும். சாவி போட்டதும் முள் துள்ளி எழும் வகை வேறு, அது காந்தச் சுருளில் ஓடுவது, 12 வோல்ட்டையே தாங்கும். ஒன்றின் இடத்தில் மற்றதைப் பொருத்தினால் தப்பாகத்தான் காட்டும்.

வாங்கும்போது கண்ணாடியின் உள்பக்கத்தையும் பாருங்கள். பழுப்புக் கோடு ஒன்று குறுக்கே ஓடினால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியின் மீட்டர். 2015 டிசம்பருக்குப் பிறகு எத்தனை வண்டி அப்படி நின்றது என்று நமக்குத் தெரியும். விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம்.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கும் மீட்டர் தப்பாகக் காட்டினால், உடனே அதைக் கழற்றாதீர்கள். பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டும் ஒரே நேரத்தில் அதிகமாகக் காட்டினால் பழுது மீட்டரில் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால், மீட்டர்களுக்கு 12 வோல்ட்டை 10 ஆக்கிக் கொடுக்கும் சிறிய ஸ்டெபிலைசர் டப்பாவில் இருக்கிறது, அல்லது அதன் எர்த்தில். துருவைச் சுரண்டி ஸ்க்ரூவை இறுக்கினாலே பலமுறை சரியாகிவிடும். டப்பாவே போயிருந்தால் ரிச்சி தெருவில் 7810 என்று கேளுங்கள், 10 வோல்ட் கொடுக்கும் மூன்று கால் ஐசி. பெட்ரோல் மட்டும் தப்பென்றால், பெட்ரோல் டேங்க்கில் மிதவையோடு இருக்கும் டேங்க் யூனிட்டைப் பாருங்கள். வெளியே எடுத்து, மல்டிமீட்டர் மாட்டி, மிதவைக் கையை மெல்லத் தூக்குங்கள். ஓம் அளவு சீராக மாற வேண்டும். நடுவில் தாவினால் அந்த இடத்தில் கம்பி தேய்ந்திருக்கிறது.

சரி, மீட்டரைத் திறந்தே ஆக வேண்டும் என்றால் முன்பக்க ரிங்கைத் திருகுங்கள். ரிங்கின் பற்கள் உடம்பில் இருக்கும் வெட்டுக்கு நேராக வரும்போது கழன்றுவிடும். துருப்பிடித்திருந்தால் காது குடையும் பஞ்சுக் குச்சியில் டபிள்யூடி-40 தொட்டு விளிம்பில் மட்டும் தடவி, ஒரு ராத்திரி விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ரிங் கோணிவிடும்.

இனி முகப்பு. இதில்தான் மனது வலிக்க ஒரு பாடம் கற்றேன். அப்பா தினமும் பார்த்த ஸ்பீடோமீட்டர் முகப்பைப் பெட்ரோல் நனைத்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். 60 என்ற எண் துணியோடு வந்துவிட்டது. அந்த எழுத்து திரும்ப வராது. தின்னர், பெட்ரோல், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர் எதுவும் முகப்பின் பக்கம் போகக் கூடாது. மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அழுக்கு போகாவிட்டால் வெறும் தண்ணீர் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சி, எழுத்தைத் தொடாமல். கொஞ்சம் மஞ்சளாக இருந்தால் இருக்கட்டும், வயது தெரிவதில் தப்பில்லை.

கண்ணாடியைத் தனியாகக் கழுவிக் காய வையுங்கள். டப்பாவின் உள்சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடித்தால் ராத்திரியில் பல்பு வெளிச்சம் கூடுதலாகத் தெரியும். ரப்பர் வளையத்தைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். நம் ஊர்க் கடல்காற்றில் அது இறுகியிருந்தால் முதல் மழைக்கே உள்ளே பனி படரும்.

ஸ்பீடோமீட்டரை வேறு வண்டியிலிருந்து எடுத்தால், முகப்பின் அடியில் சிறிதாக அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். கேபிள் எத்தனை சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் அல்லது மைல் என்ற கணக்கு அது. பழைய மீட்டரோடு அது ஒத்துப்போகாவிட்டால் வேகமும் தூரமும் பொய்.

மாட்டும்போது முதலில் பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள். கூடுதலாக ஆம்பியர் மீட்டர் போட ஆசைப்படுகிறவர்களுக்கு என் யோசனை, வோல்ட் மீட்டர் போடுங்கள். ஆம்பியர் மீட்டர் வழியாகச் செல்ஃப் தவிர மற்ற மின்சாரம் அத்தனையும் போகும். வயர் உரசினால் தீப்பிடிக்கும். வோல்ட் மீட்டருக்கு ஃபியூஸ் போட்ட ஒரு மெல்லிய வயர் போதும். இன்ஜின் ஓடும்போது 14 பக்கத்தில் நின்றால் சார்ஜ் நன்றாக ஏறுகிறது.

கடைசியாக, டேங்க் காலியாக இருக்கும்போது 5 லிட்டர் ஊற்றி, முள் நிற்கும் இடத்தை ஒரு தாளில் குறியுங்கள். அடுத்த 5 லிட்டருக்கு மறுபடியும். நிரம்பும் வரை இப்படிக் குறித்த தாள் ஹெரால்டின் சன்வைசரில் செருகியிருக்கிறது. பங்க்கில் நிற்கும்போது அதைப் பார்த்துத்தான் எத்தனை லிட்டர் என்று சொல்கிறேன்.