லெப்டொப் எழும்பவில்லையா? எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

மட்டக்களப்பு கல்லடியில் என் வீட்டு முன்னறையில்தான் லெப்டொப் திருத்துகிறேன். ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் வாவி. இந்த உப்புக்காற்றுக்கு இரும்புக் கேற்றே தாங்காது. வருகிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணா, லெப்டொப் ஓன் ஆகுதில்ல." நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "பட்டனை அழுத்தினதும் என்ன நடந்தது?" லைட் எரிந்ததா, காற்றாடி சுற்றியதா, கம்பனிப் பெயர் வந்து நின்றதா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

லைட்டே எரியாவிட்டால் முதலில் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள். நம் வீடுகளில் சதுரப் பின்னை வட்ட ஓட்டைக்கு மாற்றுகிற அடப்டர் ஒன்று ஆடிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, இறுக்கமான சுவர் பிளக்கில் நேரடியாகக் குத்துங்கள். பக்கத்து வீட்டுச் சார்ஜரை வாங்கிப் பார்ப்பதென்றால் முனை சரியாகப் பொருந்த வேண்டும், வோல்ட் உங்களுடையதோடு ஒத்திருக்க வேண்டும், அம்பியர் அதே அளவு அல்லது கூட இருக்க வேண்டும். அதற்கும் சரிவராவிட்டால் சார்ஜர், பென்ட்ரைவ், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பெட்டரி என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் குத்தி ஓன் பண்ணுங்கள். இதிலேயே எழும்புகிற லெப்டொப்புகள் எத்தனையோ. ஆனால் அடிப்பக்கம் வீங்கியிருந்தாலோ, டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நின்றாலோ சார்ஜ் போடவே வேண்டாம். பெட்டரி ஊதிவிட்டது, அது தீப்பற்றக்கூடியது.

லைட் எரிகிறது, காற்றாடியும் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இருட்டறையில் போன் டோர்ச்சைத் திரைக்குச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாக ஏதாவது தெரிந்தால் கோளாறு திரை வெளிச்சத்தில்தான். எச்டிஎம்ஐ வயர் இருந்தால் டிவியில் மாட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால் நான் அடுத்துப் பார்ப்பது ரேம், அதாவது லெப்டொப் ஓடும்போது பாவிக்கிற தற்காலிக நினைவகப் பலகை.

போன மாரியில் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற தங்கச்சி ஒருத்தி, துவாயில் சுற்றி லெப்டொப்பைக் கொண்டுவந்தாள். இறுதி வருட ஆய்வுக்கட்டுரை முழுக்க அதற்குள். கறுப்புத் திரை. பின்மூடியைக் கழற்றி, முதலில் பெட்டரி வயரைப் பிரித்தேன். ரேமின் இரு பக்கக் கொளுக்கிகளையும் நகத்தால் விலக்க, அது தானாகச் சாய்வாக எழும்பியது. டிடிஆர்4 ரேமில் 260 தொடுமுனைகள் இருக்கும். பொன்னிறமாக மின்ன வேண்டிய வரிசையில் ஒரு மூலை மங்கிப் படலம் கட்டியிருந்தது. பென்சில் அழிக்கிற வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, தூளைப் பிரஷால் தட்டிவிட்டேன். திரும்பச் சாய்வாகவே செருகி, 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தினேன். அதன் பிறகு முதல்முறை ஓன் ஆகச் சில நிமிடம் எடுக்கலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள். கம்பனிப் பெயர் வந்தபோது அந்தப் பிள்ளை அழுதேவிட்டாள். சில புது லெப்டொப்புகளில் ரேம் போர்ட்டோடு ஒட்டியிருக்கும். அவற்றில் இது முடியாது.

பெயர் வந்து, புள்ளிகள் சுற்றிக்கொண்டே நிற்கிறதா? அப்போது பெரும்பாலும் விண்டோஸில்தான் பிரச்சினை. புள்ளிகள் சுற்றும்போது பட்டனை 10 விநாடி அழுத்தி நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் திருத்தும் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் போய் முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர் கொடுங்கள். சரிவராவிட்டால் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, 4ஐ அழுத்தி, அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும்புகிற சேஃப் மோடுக்குள் போய், கடைசியாகப் போட்ட மென்பொருளை நீக்குங்கள். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) என்று 48 இலக்க எண் கேட்டால், பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும். போனில் உள்நுழைந்தே எடுக்கலாம். ஹார்ட் டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை ஓன் பண்ணும்போதும் உள்ளே இருப்பது கூடப் பழுதாகலாம்.

போமட் பண்ண மட்டும் அவசரப்படாதீர்கள். நான் படிக்கிற காலத்தில் ஒரு கடையில் கொடுத்த என் லெப்டொப்பை, கேட்காமலே போமட் பண்ணித் தந்தார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. டிஸ்க் பழுதாகாமல் விண்டோஸ் மட்டும் எழும்பாவிட்டால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற இலவச இயங்குதளமான உபுண்டு ஏற்றிய பென்ட்ரைவிலிருந்து லெப்டொப்பை ஓன் பண்ணி, பைல்களை வேறொரு டிரைவுக்கு எடுத்துவிடலாம். பிட்லொக்கர் போட்டிருந்தால் இங்கேயும் அந்த 48 இலக்கம் வேண்டும். கடையில் கொடுக்கிறீர்கள் என்றால், 'பைல்களை எடுக்காமல் போமட் பண்ணக் கூடாது' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.