பேங்க் ஃபைன், ஆஸ்பத்திரி காசு: பார்லிமெண்ட்ல என்ன பதில் சொன்னாங்கனு கோத்தகிரில இருந்தே தேடிப் பிடிக்கறது எப்படி

பக்கத்து வீட்டு பாட்டி ஒரு நாள் சாயங்காலம் இலை பறிச்சுட்டு வந்த கையோட பாஸ்புக்க நீட்டி "கண்ணு இதுல என்ன போட்டிருக்குனு படிச்சு சொல்லு"ன்னாங்க. முதியோர் பென்ஷன் 1,200 ஏறியிருக்கு, அடுத்த வரியிலயே 118 கழிஞ்சிருக்கு. 100 ரூபா மினிமம் பேலன்ஸ் ஃபைன், அதுக்கு 18 ரூபா ஜிஎஸ்டி. காசு இல்லாததுக்கு ஃபைன், அந்த ஃபைனுக்கு வரி. பிராஞ்சுல போய் கேட்டா "நாங்க எடுக்கலைங்க, சிஸ்டம் எடுக்குது"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்த சிஸ்டத்த யாராச்சும் கேள்வி கேட்டிருப்பாங்களானு தேட ஆரம்பிச்சதுதான், இப்ப எங்க லைன்ல யாருக்கு பேங்க் பிரச்சனை, ஆஸ்பத்திரி பிரச்சனைனாலும் என்கிட்ட வந்து நிக்கறாங்க. அதான் எழுதியே வச்சுடலாம்னு.

மொதல்ல ஒரு விஷயம், டிவில காட்டற கூச்சல மறந்துடுங்க. அதுல ஒன்னும் கிடைக்காது. சரக்கு இருக்கறது எழுத்துல குடுக்கற பதில்லதான். லோக்சபால ஒரு நாளைக்கு 20 ஸ்டார் கேள்வி, அதுக்கு மந்திரி எந்திரிச்சு வாயால பதில் சொல்லணும், 11ல இருந்து 12 மணிக்குள்ள அதுல நாலஞ்சு தாண்டினாலே பெருசு. ஸ்டார் இல்லாத கேள்வி 230, அதுக்கெல்லாம் எழுத்து பதில். ராஜ்யசபால கேள்வி நேரம் 12 மணிக்கு. லோக்சபால பெரும்பாலும் நிதி மந்திரி முறை திங்கக்கிழமை, ஹெல்த் மினிஸ்ட்ரி வெள்ளிக்கிழமை, ராஜ்யசபால ரெண்டுமே செவ்வாய். செஷன் நடக்கறப்ப அந்த நாள் சாயங்காலம் பாத்தா போதும், தினமும் உக்கார வேண்டியதில்ல.

சன்சத் டாட் இன்னு ஒரு சைட்டு, அதுல லோக்சபா போய் கேள்வி பதில் பகுதிய எடுத்து மினிஸ்ட்ரி பேரப் போட்டு, ஒன்னு ரெண்டு வார்த்தைய மட்டும் இங்கிலீஷ்ல தேடுங்க, நீளமா போட்டா ஒன்னும் வராது. "மினிமம் பேலன்ஸ்", "ரைட் ஆஃப்", "சிக்கிள் செல்" இந்த மாதிரி. வர்றது எல்லாம் பிடிஎஃப். மழைக்காலத்துல டவர் போயிடுச்சுனா எங்க ஊர்ல ரெண்டு நாளைக்கு வராது, அதனால கண்ணுல பட்ட உடனே டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க.

இப்ப படிக்கறது எப்படினு சொல்றேன், இதுதான் முக்கியம். கேள்வி ஏ, பி, சி, டினு பிரிச்சு பிரிச்சு கேட்டிருப்பாங்க. பதில்ல ஒவ்வொன்னுக்கும் தனியா சொல்லியிருந்தா நல்ல பதில். "ஏ முதல் டி வரை"னு எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி பதில் சொல்லியிருந்தா உஷாராகிடுங்க, சங்கடமான கேள்வி அந்த மூட்டைக்குள்ள எங்கயோ காணாம போயிருக்கும். நான் பண்றது என்னன்னா கேள்விய ஒரு பேப்பர்ல எழுதிட்டு பதில்ல எது எதுக்கு பதில் இருக்கோ அதை டிக் அடிச்சுட்டே வருவேன், கடைசில டிக் இல்லாம ஒன்னு நிக்கும் பாருங்க, அதுதான் செய்தி. அப்பறம் கடைசிப் பக்கத்துக்குப் போங்க, இணைப்புனு ஒரு டேபிள் இருக்கும். மேல பத்தி பத்தியா திட்டத்தோட பெருமை பேசிட்டு நம்பர அங்கதான் சின்ன எழுத்துல ஒளிச்சு வச்சிருப்பாங்க.

அப்படி தேடினப்பதான் 2024 ஜூலைல குடுத்த பதில் கிடைச்சுது. 2019-20ல இருந்து 2023-24 வரைக்கும் அஞ்சு வருஷத்துல பொதுத்துறை பேங்குங்க மினிமம் பேலன்ஸ் ஃபைனா எடுத்தது சுமார் 8,500 கோடி. எஸ்பிஐ 2020லயே இந்த ஃபைன நிறுத்திடுச்சு, இன்னும் சில பொதுத்துறை பேங்குங்க 2025ல நிறுத்தினாங்க. பாட்டியோட 118ம் இந்த மாதிரி ஒரு கணக்குலதான் போய் சேந்திருக்கும்.

பேங்க் கேள்வில இன்னொரு வார்த்தை அடிக்கடி வரும், ரைட் ஆஃப். 2025 மார்ச்ல சொன்ன கணக்குப்படி பத்து வருஷத்துல பேங்குங்க ரைட் ஆஃப் பண்ணது சுமார் 16.35 லட்சம் கோடி. உடனே "பணக்காரன் கடனை தள்ளுபடி பண்ணிட்டான்"னு வாட்ஸ்அப்ல ஃபார்வேர்ட் பண்ணாதீங்க, அது தள்ளுபடி இல்ல, பேங்க் தன் புக்குல இருந்து எடுத்து ஓரமா வைக்கறது, கடன் வாங்கினவன் இன்னும் கட்டத்தான் வேணும். மந்திரியும் ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வாங்க, அது உண்மையும்கூட. ஆனா கேக்க வேண்டிய அடுத்த கேள்வி, அதுல எவ்வளவு திரும்பி வந்துச்சுனு. அந்த நம்பரையும் சேத்து தேடுங்க. யார் யார் வாங்கினதுனு பேரு கேட்டா கடன் வாங்கினவங்க விவரத்த வெளிய சொல்லக்கூடாதுங்கற ரிசர்வ் பேங்க் சட்டம் 45இ காட்டி முடிச்சுடுவாங்க.

சரி ஆஸ்பத்திரிக்கு வருவோம். இங்க ஒரு பள்ளம் இருக்கு. பேங்க் மத்தியப் பட்டியல், அதனால டெல்லி நழுவ முடியாது. பொது சுகாதாரம், ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலப் பட்டியல், அதனால ஹெல்த் மினிஸ்ட்ரி பதில் பாதி நேரம் "இது மாநில விஷயம்"னுதான் ஆரம்பிக்கும். அதைப் பாத்து மூடிடாதீங்க, என்ஹெச்எம் (தேசிய சுகாதார இயக்கம்) மாதிரி திட்டத்துல நம்ம மாநிலத்துக்கு 60 பங்கு மத்திய அரசு, 40 மாநிலம், அந்த 60 வந்துச்சா, செலவாச்சானு டெல்லிய கேக்கலாம். ஊட்டி மெடிக்கல் காலேஜும் அப்படி ரெண்டு பேரும் காசு போட்டதுதான், 2022 ஜனவரில ஒரே நாள்ல திறந்த 11ல ஒன்னு. மாநிலத்தோட பங்குக்கு, துறை துறையா சட்டசபைல பணம் கேக்கற மானியக் கோரிக்கை சமயத்துல மக்கள் நல்வாழ்வுத் துறை போடற கொள்கை விளக்கக் குறிப்ப எடுங்க, தமிழ்லயே இருக்கும், நம்மூர் ஆளுங்களுக்கு அதுதான் சுலபம்.

பட்ஜெட் நம்பர் பாக்கறப்ப ஒரு வருஷத்த மட்டும் பாத்து கைதட்டாதீங்க. 2025-26ல ஹெல்த் மினிஸ்ட்ரிக்கு ஒதுக்கினது கிட்டத்தட்ட 99,859 கோடி, கேக்க லட்சம் கோடிதான். ஆனா பட்ஜெட் புக்குல மூணு விதமா கணக்கு இருக்கும், ஒதுக்கினது, நடுவுல திருத்தினது, நெசமா செலவானது. நம்ம வீட்டுல டீத்தூள் ஃபேக்டரி பணம் வரும்னு கணக்குப் போட்டு வச்சு கடைசில வந்தத வச்சு பள்ளிக்கூட ஃபீஸ் கட்டற மாதிரிதான், நெசமா செலவான கணக்குதான் பேசணும். 2017 தேசிய ஹெல்த் பாலிசி 2025க்குள்ள ஜிடிபில 2.5 சதவீதம்னு சொல்லுச்சு, 2021-22 கணக்குல மத்திய மாநில அரசு எல்லாம் சேந்து 1.84தான். மொத்த மருத்துவச் செலவுல 39.4 சதவீதம் ஜனங்க சொந்தப் பையில இருந்து. சபைல ஹெல்த் மானியம் பல வருஷம் விவாதமே இல்லாம கில்லட்டின்ல, அதாவது மிச்சத்தோட மொத்தமா ஓட்டுக்கு விட்டு, போயிடும், அதனால நிலைக்குழு ரிப்போர்ட்ட படிங்க, எம்பிங்க அதிகாரிங்கள உக்கார வச்சு கேக்கறது அங்கதான்.

"தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்"னு பதில் வந்தா கோவப்படாதீங்க. அது வாக்குறுதினு கணக்கு, மூணு மாசத்துல நிறைவேத்தணும், அதைப் பாக்கவே அரசு வாக்குறுதிக் குழுனு ஒன்னு இருக்கு. தேதிய குறிச்சு வைங்க.

கேள்வியே இல்லனா எம்பிக்கு எழுதலாம். நீலகிரி தொகுதினா மலை மட்டும் இல்ல, மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரும் சேத்து, அதனால அந்த ஆபீஸ்க்கு வர்ற லெட்டர் மலையளவு இருக்கும், உங்கது ஒரு பக்கத்துல நிக்கணும். கேள்வி 150 வார்த்தைக்குள்ள இருக்கணும்னு ரூல், 15 நாள் முன்னாடியே குடுக்கணும், அப்பறம் குலுக்கல் வேற. தனி ஆளோட புகார கேள்வியா கேக்க முடியாது, பாட்டியோட 118க்கு மந்திரி பதில் சொல்ல மாட்டாரு. நாங்க எழுதினது சிக்கிள் செல் பத்தி. கூடலூர், பந்தலூர் பக்கம் பழங்குடி ஜனங்களுக்கு இந்த ரத்த நோய் இருக்கு, 2023 ஜூலைல தேசிய திட்டம் ஆரம்பிச்சாங்க, ஆனா பதில் எல்லாம் மாநில வாரியாதான் வருது. அதனால "நீலகிரி மாவட்டத்தில் எத்தனை பேரைச் சோதித்தார்கள், எத்தனை பேருக்கு மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது, எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவு"னு மூணே வரி. பிப்ரவரி லெட்டருக்கு இன்னும் பதில் வரல, அடுத்த செஷன் வெள்ளிக்கிழமைல பாக்கணும்.

பாட்டிக்கு வேற வழி. பேங்குக்கு எழுதிக் குடுத்து சீல் வாங்கிக்கணும், 30 நாள்ல பதில் இல்லனாலோ பதில் சரியில்லனாலோ பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் பேங்க் ஆம்பட்ஸ்மேனுக்கு, சிஎம்எஸ்ங்கற அவங்க புகார் சைட்ல போடலாம், சந்தேகம்னா 14448க்கு போன் பண்ணலாம், காசு எதுவும் கட்ட வேண்டாம். ஃபைன் போடறதுக்கு முன்னாடி சொல்லி ஒரு மாசம் டைம் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் 2014லயே சொல்லிடுச்சு, பாட்டிக்கு மெசேஜே வரல, போனே இல்ல. அதைத்தான் லெட்டர்ல மொத வரியா எழுதினோம். அப்பறம் கணக்கையே அடிப்படை சேமிப்புக் கணக்கா மாத்தச் சொல்லிட்டோம், அதுக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. 22வது நாள் 118 ரூபா ஏறிடுச்சு. "ஒன்னும் சொல்லலையா?"ன்னு பாட்டி பாஸ்புக்க திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.