பாட வீடியோவும் படமும்: எங்கே வைப்பது, எதுவரை பகிர்வது

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாட வீடியோ, பிடிஎஃப், படம் என்று தினமும் ஏதாவது வந்து விழும். வகுப்பில் வேண்டிய நேரத்துக்கு மட்டும் கிடைக்காது. கிடைத்தாலும் யார் செய்தது என்று தெரியாது. இரண்டுக்கும் ஒரே மருந்துதான்: எடுக்கும்போதே எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவிடுவது.

கூகுள் ஷீட்டில் ஒரு தாள் போதும். வகுப்பு, பாடம், சுட்டி, செய்தவர் பெயர், உரிமம், கடைசியாகத் திறந்து பார்த்த தேதி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டு அடுக்குவது ஜூனில் அழகாக இருக்கும், ஆகஸ்டில் யாரும் திறக்க மாட்டார்கள். 'சுரபுன்னை' என்று தேடினால் பிச்சாவரம் படமும் வீடியோவும் வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். தேதி எதற்கென்றால், சுட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். பள்ளி திறக்கும் வாரத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள்.

யூடியூப் வீடியோ என்றால் சுட்டியை மட்டும் வையுங்கள். வேறு செயலி வைத்து இறக்குவதை அவர்கள் விதி அனுமதிப்பதில்லை. நெட் இழுக்கும் வகுப்பறைக்கு, மத்திய அரசின் பாடச் செயலியான திக்‌ஷா உதவும். பாடநூலில் உள்ள கியூஆர் கோடை வீட்டிலேயே ஸ்கேன் செய்து, பாடத்தை முன்கூட்டி இறக்கிக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓட்டலாம்.

இனி சட்டம். 'எதையும் தொடக் கூடாது' என்று பயப்படுபவர்களும் உண்டு, 'படிப்புக்குத்தானே, எல்லாம் சும்மா' என்பவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதை மீறலாகப் பார்ப்பதில்லை. வினாத்தாளிலும் போடலாம். டெல்லி பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில், பாடத்துக்குத் தேவையான அளவில் புத்தகப் பக்கங்களைத் தொகுத்து நகலெடுத்துக் கொடுப்பது இந்த விலக்குக்குள் வரும் என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆக, வகுப்பறைக்குள் நமக்கு நிறைய இடம் இருக்கிறது. அதற்காகத் தனியார் கைடு முழுவதையும் பிடிஎஃப் ஆக்கிக் குழுவில் சுற்றவிடுவது கற்பித்தல் ஆகிவிடாது. அது வந்தால் நான் அழித்துவிடுவேன், தாளில் ஏற்றுவதில்லை.

சிக்கல் பெரும்பாலும் ஆண்டு விழாவுக்கு அப்புறம்தான் வரும். பிள்ளைகள் சினிமாப் பாட்டுக்கு ஆடலாம். பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியைச் சேர்ந்தவர்கள் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை அதே 52ஆம் பிரிவு இடம் தருகிறது. மறுநாள் அதைப் பள்ளியின் யூடியூப் சேனலில் ஏற்றினால் பார்ப்பது ஊர் உலகம், விலக்கு அங்கே வராது. யூடியூப் சத்தத்தையே எடுத்துவிட்டாலும் ஏன் என்று கேட்க முடியாது. வீடியோ போட்டே ஆக வேண்டும் என்றால் பாரதி பாட்டையோ வள்ளலார் பாட்டையோ பிள்ளைகளே பாடட்டும். நம் நாட்டில் எழுத்துக்கு உரிமை, எழுதியவர் மறைந்த பின் 60 ஆண்டு. வடலூர் வள்ளலாரின் காலம் 1874உடன் முடிந்தது, பாரதி மறைந்தது 1921இல். வரிகளுக்குத் தடையில்லை. ஆனால் சினிமாவில் வந்த மெட்டும், பிரபலப் பாடகர் பாடிய ஒலிப்பதிவும் வேறு கணக்கு. பள்ளியில் பாட்டு சொல்லித்தரும் ஆசிரியர் புதிதாக மெட்டுப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது.

படங்களுக்கு, பொதுப் பயன்பாட்டுப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளம்தான் என் முதல் இடம். கூகுள் படத் தேடலிலும் 'கருவிகள்' என்பதைத் தட்டி, பயன்பாட்டு உரிமையில் கிரியேட்டிவ் காமன்ஸை, அதாவது செய்தவரே சில நிபந்தனையோடு பிறரைப் பயன்படுத்த விடும் உரிமத்தை, தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பிறகும் அந்தப் படத்தின் பக்கத்துக்கே போய் உரிமத்தைப் படியுங்கள். சிலது பெயர் போட்டால் போதும் என்னும், சிலது வணிகத்துக்குக் கூடாது என்னும், சிலது வெட்டி ஒட்டவே கூடாது என்னும். படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர், உரிமம், சுட்டி மூன்றும் வர வேண்டும். 'நன்றி: கூகுள்' என்று போடும் வழக்கத்தை நம் ஆட்கள் எப்போது விடுவார்களோ! கூகுள் எந்தக் காட்டில் போய்ப் படம் எடுத்தது?

மாணவர்கள் எடுத்த படத்துக்கும் இதே மரியாதை உண்டு. பிச்சாவரம் போய்வந்து ஒரு பெண் தில்லை மரத்தைப் படம் எடுத்துத் தந்தால், உரிமை அவளுடையது. பள்ளிப் பக்கத்தில் போடுவதற்கு முன் அவளிடமும் வீட்டாரிடமும் கேளுங்கள், பெயரை எப்படிப் போடுவது என்பதையும் சேர்த்தே. கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத்தான் தருவார்கள்.

ஒன்று மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள். தாளை உங்கள் சொந்த மெயிலில் தொடங்காதீர்கள், பள்ளியின் மெயிலில் தொடங்குங்கள். மற்ற ஆசிரியர்களுக்கு எழுதும் அனுமதி, மாணவர்களுக்குப் பார்க்கும் அனுமதி மட்டும். இடமாறுதல் கலந்தாய்வில் உங்களுக்கு விருத்தாசலமோ பண்ருட்டியோ கிடைத்துக் கிளம்பினாலும், அடுத்து வருபவர் முதல் நாளே அதைத் திறந்து பாடம் எடுக்கலாம்.