மீன்தொட்டியில் நத்தைகள் பெருகிவிட்டால்

புதிதாக வாங்கிய நீர்த்தாவரத்தைத் தொட்டியில் நட்ட சில வாரங்களிலேயே கண்ணாடியெங்கும் மிளகளவு நத்தைகள் ஊரத் தொடங்குவது மீன் வளர்ப்போர் பலரும் காணும் காட்சி. அவை இலையின் அடியில் ஒட்டியிருந்த முட்டைகளாக வந்து சேர்ந்தவை. ஆனால் வந்தது தாவரத்தோடு என்றாலும், பெருகியது நாம் போடும் தீவனத்தால்தான். நத்தையின் எண்ணிக்கை தொட்டியில் மிஞ்சும் உணவின் அளவைப் பொறுத்தே ஏறி இறங்குகிறது என்பதால், மருந்தைத் தேடுவதற்கு முன் தீவன டப்பாவைக் கவனிக்க வேண்டும்.

முதலில், பெருகியிருப்பது எந்த நத்தை என்று அறிந்துகொள்வது நல்லது. தட்டையாகச் சுருண்ட ஓடுடையது ராம்ஸ்ஹார்ன். சிறிய முட்டை வடிவ ஓட்டுடன் வேகமாக நகர்வது பிளாடர் நத்தை. இவ்விரண்டும் இருபாலுயிரிகள் என்பதாலும், தன்னந்தனியாகவே கருவுற வல்லவை என்பதாலும், ஒன்று மட்டும் தப்பினாலும் மீண்டும் ஒரு கூட்டம் உருவாகிவிடும். கண்ணாடியிலும் இலைகளிலும் பசைபோல் ஒட்டியிருக்கும் தெளிந்த கூழ்த்துளிகள் இவற்றின் முட்டைகள். நம் ஊர் வெப்பத்தில் ஓரிரு வாரங்களில் பொரிந்துவிடும். கூம்பு வடிவில் நீண்ட ஓடுடைய ட்ரம்பெட் நத்தையோ முட்டையிடுவதில்லை, குஞ்சுகளையே ஈனுகிறது. பகலில் சரளைக்குள் புதைந்திருந்து இரவில் வெளிவருவதால், அதன் உண்மையான எண்ணிக்கையை அறிய விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

தீவனத்தை ஒரு நாளைக்கு ஒரு முறையாகக் குறைத்து, மீன்கள் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தின்று முடிக்கும் அளவு மட்டுமே போட வேண்டும். வளர்ந்த, நலமான மீன்கள் வாரத்தில் ஒரு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வீட்டில் ஆளுக்கொருவர் 'பாவம், பசிக்கும்' என்று ஒரு சிட்டிகை போடும் வழக்கத்தைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். அழுகும் இலைகளைக் கிள்ளி எடுப்பதும், வாரம் ஒருமுறை சைபன் குழாயால் சரளையின் அடியில் தேங்கிய கழிவை உறிஞ்சி, கால் பங்கு நீரை மாற்றுவதும் இதனோடு சேர்ந்தவை. கண்ணாடியில் படியும் பாசியும் நத்தைக்கு உணவே என்பதால், விளக்கெரியும் நேரத்தை ஆறு முதல் எட்டு மணி நேரத்திற்குள் வைப்பது உதவும்.

இருக்கும் நத்தைகளைப் பிடிக்க, கொதிநீரில் சற்று வாட்டிய வெள்ளரித் துண்டையோ கீரை இலையையோ இரவில் தொட்டியின் அடியில் வைத்து, காலையில் விளக்கைப் போடும் முன் அதில் மொய்த்திருப்பவற்றோடு சேர்த்து எடுத்துவிடலாம். முட்டைக் கூழைப் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி, மிதக்க விடாமல் வெளியேற்ற வேண்டும். இதைப் பொறுமையாகச் செய்து வந்தால் ஓரிரு மாதங்களில் மாற்றம் தெரியும்.

நத்தை தின்னும் மீன்களை விடலாமா என்று பலரும் கேட்பார்கள். நம் அயிரைக்கு உறவான லோச் மீன்கள் நத்தையை விரும்பித் தின்னும் என்றாலும், கடைகளில் அழகாகத் தெரியும் கிளவுன் லோச் முப்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது, கூட்டமாக வாழ்வதும்கூட. இரண்டடித் தொட்டிக்கு அதை வாங்குவது நத்தையை விடப் பெரிய சிக்கலை வீட்டுக்குக் கொண்டுவருவதாகும். மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதி நீர்நிலைகளுக்கே உரிய ட்வார்ஃப் பஃபர் சிறியதுதான், ஆனால் மற்ற மீன்களின் துடுப்புகளைக் கடிக்கும். சிறிய தொட்டிக்கு ஓரளவு பொருந்துவது, பிற நத்தைகளை வேட்டையாடித் தின்னும் அசாசின் நத்தையே. அது மெதுவாகத்தான் பெருகும்.

நத்தைக்கொல்லி மருந்துகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பெரும்பாலும் செம்பு இருக்கிறது. அது இறால்களையும் கொல்லும், சரளையில் படிந்து நெடுநாள் தங்கவும் செய்யும். அதைவிட, நூற்றுக்கணக்கான நத்தைகள் ஒரே நேரத்தில் செத்து அழுகும்போது அம்மோனியா திடீரென உயர்ந்து மீன்களும் மடியக்கூடும். தவறி மருந்திட்டுவிட்டால், செத்தவற்றை உடனே அகற்றி நீரை மாற்ற வேண்டும்.

இனி வாங்கும் தாவரங்களை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் படிகாரத்தைக் கரைத்த நீரில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நன்கு அலசி நடலாம். இதற்கு நத்தைகள் சாகும், ஆனால் முட்டைகள் தப்பக்கூடும். ஆகவே தனி வாளியில் மூன்று நான்கு வாரங்கள் வைத்துக் கவனித்த பிறகே தொட்டிக்கு மாற்றுவது பாதுகாப்பானது.

பிடித்த நத்தைகளை ஏரியிலோ குளத்திலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது. பிளாடர் நத்தை வட அமெரிக்காவிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய அயல் இனம். அவற்றை நசுக்கி மீன்களுக்கே சிறிது சிறிதாக உணவாகக் கொடுக்கலாம். மிஞ்சியதை நசுக்கியபின் செடித்தொட்டி மண்ணில் புதைத்துவிடலாம்.