வெளிநாட்டுப் போன்ல நம்மட சிம் எடுக்கல்லையா? கடைக்குக் காசு குடுக்க முந்தி இதப் பாருங்க

போன மாசம் களுவாஞ்சிகுடியில எங்கட மாமி ஒராள் அழாத குறையா போனத் தூக்கிட்டு வந்தாங்க. அமெரிக்காவில இருக்கிற மகன் ஒரு வருசம் பாவிச்சிட்டு அம்மாவுக்கெண்டு ஆசையா அனுப்பின ஐபோன், டயலொக் சிம்மப் போட்டா "சிம் நொட் சப்போர்ட்டட்" எண்டு மட்டும் காட்டியிருக்கு, டவுன்ல ஒரு கடையில 12,000 ரூவா குடுத்து அன்லொக் பண்ணி எடுத்திருக்காங்க, ரெண்டு கிழமை நல்லாத்தான் ஓடியிருக்கு, ஒரு நாள் இரவு அப்டேட் ஒண்டு ஏறி விடிய எழும்பிப் பாத்தா திரும்பவும் அதே எழுத்து. நான் ஊசியால சிம் தட்டக் கழட்டிப் பாத்தன். சிம்முக்கு அடியில தாள் மாதிரி மெல்லிசா ஒரு சிப், செப்புக் கலர்ல ஒட்டிக் கிடக்கு. அந்தச் சிப் செய்யிறது இவ்வளவுதான்: இது அமெரிக்கா சிம்தான் எண்டு போன நம்ப வைக்கும். தன்ட சிம்ம மட்டும் எடுக்கிற மாதிரி அந்த நாட்டுக் கம்பெனி போட்ட பூட்டு (சிம் லொக்) அப்படியே கிடக்கும். அப்டேட் பண்ணினா, ரீசெட் அடிச்சா, எல்லாம் போயிரும். அன்லொக் எண்டு சொல்லி இதக் குடுக்கிறது பெரிய அநியாயம்.

அதால முதல்ல எந்த லொக் எண்டு பாருங்க. ஐபோன்ல செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் கீழ வந்தா "கெரியர் லொக்" எண்டு ஒரு வரி இருக்கும். "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" எண்டு இருந்தா எந்த சிம்மும் எடுக்கும். "சிம் லொக்ட்" எண்டு இருந்தா அந்த நாட்டு நெட்வேர்க்காரன் பூட்டி வச்சிருக்கான். சிப் போட்ட போன்ல சிக்னல் புல்லா இருந்தாலும் இந்த வரி மாறாது, கல்முனையிலயோ காத்தான்குடியிலயோ பாவிச்ச போன் வாங்கப் போனா கடையில நிண்டே இந்த வரியப் பாத்திட்டுக் காசக் குடுங்க. அன்ட்ரொய்ட் எண்டா வேற கம்பெனி சிம்மப் போட்டுப் பாருங்க, நெட்வேர்க் அன்லொக் பின் கேட்டா அதுவும் பூட்டின போன்தான். அதுக்கு வாய்க்கு வந்த நம்பரெல்லாம் அடிச்சுப் பாக்காதீங்க, கொஞ்ச தரம் பிழைச்சாலே மறுகா சரியான நம்பரையும் எடுக்காமப் போகலாம்.

போன ரீசெட் பண்ணின பிறகு பழைய ஆள்ட ஐக்ளவுட் இல்லாட்டி கூகுள் பாஸ்வேர்ட் கேக்குதெண்டா அது வேற லொக். சிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, போன் சொந்தக்காரர்தான் அத எடுத்து விடணும்.

சரி, சிம் லொக்க எப்படித் திறக்கிறது? பூட்டின கம்பெனிதான் திறக்கலாம், அப்பிள் கம்பெனியே உங்களுக்கு நேரா திறந்து தராது. *#06# அடிச்சா ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற 15 இலக்க ஐஎம்இஐ நம்பர் வரும், அத அங்க இருக்கிற ஆளுக்கு வட்ஸ்அப்ல அனுப்புங்க, அவர் தன்ட கம்பெனியிட வெப்சைட்லயோ கஸ்டமர் கெயார்லயோ அன்லொக் கேக்கணும். ஏடி அண்ட் டி மாதிரி அமெரிக்கா கம்பெனியில போன் காசு முழுக்கக் கட்டி முடிஞ்சிருக்கணும், 60 நாளாவது அவங்கட லைன்ல ஓடியிருக்கணும், களவு போனதாப் பதிஞ்சிருக்கக் கூடாது. தவணைக் காசு பாக்கி இருந்தா எந்தக் கடைக்காரரும் ஒண்டும் செய்யேலாது. போன் பார்சல்ல ஏற முந்தியே அங்க வச்சு இத முடிச்சா எவ்வளவோ அலைச்சல் மிச்சம், வெளிநாட்டுல இருக்கிற புள்ளைகளுக்கு இதக் கட்டாயம் சொல்லுங்க.

எல்லா நாட்டுப் போனும் இப்படியில்ல. கனடாவில 2017 டிசம்பர்ல இருந்தும், ஜப்பான்ல 2021 ஒக்டோபர்ல இருந்தும், இங்கிலாந்தில 2021 டிசம்பர்ல இருந்தும் பூட்டி விக்கிறது நிப்பாட்டியாச்சு. அதுக்கு முந்தி வித்த போன் எண்டா பாத்துத்தான் எடுக்கணும்.

அமெரிக்கா ஐபோன் 14ல இருந்து சிம் போடுற ஓட்டையே இல்ல எண்டதையும் ஞாபகம் வச்சிக்கங்க. டயலொக், மொபிடெல் ரெண்டிலயும் ஈசிம், அதாவது அட்டை இல்லாம போனுக்குள்ளயே ஏத்துற சிம், எடுக்கலாம், ஐடிகார்டோட அவங்கட கடைக்குப் போனா கியூஆர் கோட் தருவாங்க, வைபை இருக்கிற இடத்தில ஸ்கேன் பண்ணுங்க.

இன்னொண்டு, ஐஎம்இஐ எண்டத இங்கிலீஷ் எழுத்தில அடிச்சு, இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு மெசேஜ் அனுப்பினா அந்த போன் நம்மட தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில பதிஞ்சிருக்கா எண்டு பதில் வரும். வாங்க முந்தியே அனுப்பிப் பாருங்க.

மாமிட மகன் அங்க இருந்து கேட்டு, ரெண்டு நாளில சரி எண்டு ஈமெயில் வந்திச்சு. படமெல்லாம் பெக்கப் எடுத்து, போன அழிச்சு, வைபையில திரும்ப செட் பண்ணி, அபவுட்ல அந்த வரி மாறினதக் கண்ணால பாத்த பிறகுதான் சிப்பக் கழட்டி எறிஞ்சிட்டு சிம்மப் போட்டம். முதல் கோல் மகனுக்குத்தான் போச்சு.