தின்னர் போத்தலை மூடிவையுங்கள்: பழைய சாமான் விற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகநூலில் பழைய சாமான் விற்கும் குழுக்களைச் சில நாள் மேய்ந்தால் போதும். கிழக்கிலங்கையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் யார் யார் புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். 2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்து புதுப் பொருளின் விலை கைக்கு எட்டாமல் போனபோது ஒரு கூட்டம் வந்தது. அவர்களில் பலரை இப்போது காணவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்களும் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். அந்தக் குழிகளின் ஆழம் எனக்கும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

மங்கிய படம் போடுவது, விலை எழுதாமல் இன்பாக்ஸுக்கு வரச் சொல்வது, கேட்டவருக்கு மறுநாள் பதில் போடுவது போன்றவற்றை இங்கே தொடப் போவதில்லை. அவற்றை வாங்குகிறவர்களே திட்டித் திருத்திவிடுவார்கள்.

வீடு யாருடையது என்று கேட்காமல் கதவைக் கழற்றுவது

நல்ல சரக்கு இடிக்கிற வீடுகளில்தான் கிடக்கிறது. முதிரை யன்னல், பாலை மர வளை, பித்தளைக் கொண்டி, கள்ளிக்கோட்டை ஓடு என்று ஒரு பழைய வீட்டில் பல மாத வியாபாரம் இருக்கும். தகவல் கிடைத்தவுடன் பட்டா என்கிற சின்ன லொறியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். வாசலில் நிற்கும் ஆணோடு விலை பேசிக் காசைக் கொடுத்து, நிலையோடு கதவைக் கழற்றி ஏற்றிவிடுகிறார்கள்.

நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது. தமிழ்க் குடும்பமானாலும் முஸ்லிம் குடும்பமானாலும் பெரும்பாலும் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடாகவே இருக்கும். உங்களோடு விலை பேசியவர் அண்ணன். வீட்டு உறுதிப் பத்திரமோ தங்கையின் பேரில் இருக்கிறது. தங்கை கட்டாரிலோ லண்டனிலோ இருக்கிறாள். தாய் வளர்ந்த வீட்டின் கதவு முகநூலில் விலைக்குக் கிடப்பதை அவள் அங்கிருந்து பார்த்துவிட்டால், அந்தக் குடும்பச் சண்டைக்கு நடுவில் நிற்கப்போவது நீங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி இப்படி அகப்பட்டு, அறுகம்பே விடுதி ஒன்றுக்கு விற்ற சோடிக் கதவைத் திருப்பி வாங்கிக் கொண்டுவந்து கொடுத்தார். விடுதிக்காரர் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுப்பாரா?

முதலில் கேட்க வேண்டியது, “வீடு யாருடைய பேரில் இருக்கிறது, மாமி?” என்பதைத்தான். வீட்டில் மூத்த பெண்ணிடம் கேளுங்கள். உரித்தாளி வெளிநாட்டில் இருந்தால் அவர் குரலில் ஒரு சம்மதம் வாங்குங்கள். விற்பவரின் அடையாள அட்டை எண்ணோடு ஒரு துண்டுக் கடதாசியில் கையெழுத்தும் வாங்குங்கள். காசைப் பிறகு எண்ணலாம்.

இன்னொன்று: சாவு நடந்த வீட்டில் முப்பத்தொன்று கழியும்வரை அலுமாரிக்கு விலை பேசாதீர்கள். முஸ்லிம் வீடுகளிலும் நாற்பது வரை பொறுத்தால் குறைந்துபோக மாட்டீர்கள். முந்திப் போனவருக்கு அந்த அலுமாரி மலிவாகக் கிடைக்கலாம். அந்த ஒழுங்கையில் அடுத்த வீட்டுப் படலை அவருக்குத் திறக்காது.

ஐஎம்இஐ பார்க்காமல் கைபேசி வாங்குவது

*#06# அழுத்துங்கள். திரையில் வரும் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது அந்தக் கைபேசியின் அடையாள எண், பெட்டியில் இருப்பதோடு ஒத்திருக்க வேண்டும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணையும் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா என்று தெரியும். பெட்டியும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை, இன்றைக்கே காசு வேண்டும் என்பவரை அனுப்பிவிடுங்கள். சாக்கில் கட்டிய செப்புக் கம்பியோடு வருகிறவரையும் அப்படியே. களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம்.

பழையதைப் புதிதாக்கிவிட்டு விற்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கல்முனைப் பக்கத்துத் தம்பி ஒருவர் பெரியகல்லாற்றில் ஒரு வீட்டிலிருந்து காலால் மிதித்து ஓட்டும் பழைய சிங்கர் தையல் மெஷின் ஒன்றை வாங்கினார். மிதி, இரும்புக் கால், மேற்பலகை, இழுப்பறை எல்லாம் முழுமையாக இருந்தன. வாங்கிய அன்றே எனக்குப் படம் அனுப்பினார். ஊசி ஓடும் மேற்பகுதியான கறுப்புத் தலையில் தங்கப் பூவேலை முக்கால்வாசி அழியாமல் இருந்தது. ஒன்றும் செய்யாதீர்கள், நான் வந்து பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். எனக்கு வேறு வேலை வந்து, போகச் சில நாள் பிந்திவிட்டது. அதற்குள் அவர் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் ஊத்தையைத் துடைத்திருந்தார். ஊத்தையோடு பூவும் துணியில் வந்துவிட்டது. பாதிப் பூ அசிங்கமாகத் தெரிகிறது என்று மிச்சத்தையும் சாண்ட் பேப்பரால் தேய்த்து, கறுப்பு ஸ்பிரே அடித்து, சக்கரத்துக்குத் தங்க நிறம் பூசி, ‘புத்தம் புதிது போல’ என்று விளம்பரமும் போட்டுவிட்டார்.

அந்தப் பூவேலை தூரிகையால் வரைந்ததில்லை, ஒட்டுப்படமாகப் பதித்தது. அதைக் காக்க மேலே தெளிந்த அரக்கு வார்னிஷ் ஒரு படை இருக்கும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். கடையில் வாங்கும் தின்னரும் அதே வேலையைச் செய்யும். முதலில் துணி மஞ்சளாகும். சரி, ஊத்தை வருகிறது என்று இன்னும் அழுத்தித் துடைப்பீர்கள். அந்த மஞ்சள்தான் அரக்கு. அடுத்த இழுப்பில் பூ வரும்.

சிங்கர் 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. நம் வீடுகளில் அகப்படும் பழைய தலைகளில் ஸ்கொட்லாந்தின் கிளைட்பேங்கில் செய்தவை இருக்கின்றன. அந்தத் தொழிற்சாலை 1885இல் திறந்து 1980இல் மூடப்பட்டது. தலையின் அடித்தட்டில் வலப்பக்கம் தொடர் எண் பொறித்திருக்கும். முன்னால் ஆங்கில எழுத்து இல்லாத எண்கள் பொதுவாக 1900க்கு முந்தியவை. எழுத்து இருந்தால் அதையும் எண்ணையும் வைத்து எந்த ஆண்டில் செய்தது என்று இணையத்தில் தேடிப் பிடிக்கலாம். ஆண்டு தெரிந்த மெஷினுக்கு ஒரு விலை, தெரியாததற்கு வேறு விலை. தம்பியின் சாண்ட் பேப்பர் அந்த எண்ணின் மேலும் நன்றாக ஓடியிருந்தது.

இதை வாங்க வருகிறவர்கள் யார்? தைக்க வாங்குகிறவர் ஒருவர். அவருக்குப் பூ வேண்டாம், ஓட்டம் வேண்டும். புது மெஷின் விலையை மனதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார், ஓர் எல்லைக்கு மேல் ஏறமாட்டார். மற்றவர் பாசிக்குடா, அறுகம்பே விடுதிக்காரர், அல்லது கொழும்பில் வீட்டை அலங்கரிக்கிறவர். அவர் காசு கொடுப்பது பழமைக்கு. ஸ்பிரே அடித்த மெஷின் இருவருக்கும் ஆகாது. தைக்கிறவர், எதையோ மறைக்கத்தான் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறார். விடுதிக்காரர் படத்தைப் பார்த்தவுடனேயே தள்ளிவிடுகிறார். கடைசியில் தம்பி இரும்புக் காலை மேசை செய்கிறவருக்கும் தலையை உதிரிப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுத்தார். இரண்டும் சேர்ந்து வாங்கிய விலையைத் தொடவில்லை.

சும்மா கிடந்திருந்தால் வந்திருக்கும் காசை, ஸ்பிரேக்குக் காசு கொடுத்து, இரண்டு நாள் கை நோகத் தேய்த்து, தன் உழைப்பாலேயே அழித்திருக்கிறார். சோம்பேறி ஒருவர் வாங்கியிருந்தால் இலாபம் பார்த்திருப்பார். இதை நினைக்கும்போதுதான் எரிச்சல் வருகிறது. அந்தத் தம்பியை மட்டும் சொல்லிப் பயனில்லை. மாதத்துக்கு ஒரு தங்கச் சக்கரமாவது குழுக்களில் கண்ணில் படுகிறது.

மரத்திலும் இதே கூத்து. முதிரை புதிதாக இழைத்தபோது வெளிர் மஞ்சளாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் காற்றும் வெளிச்சமும் கையும் பட்டு ஆழ்ந்த தேன் நிறத்துக்கு வரும். அந்த நிறத்தை எந்தக் கடையிலும் டின்னில் வாங்க முடியாது. மின்சாரச் சாண்டரை ஒரு தடவை ஓட்டினால் அது தூசியாகப் பறந்துவிடும். அதன்மேல் பளபளவென்று வார்னிஷ் அடித்தால் போன மாதம் செய்த கதவுக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசமில்லை. பித்தளைக் கொண்டியையும் கீலையும் கழற்றிப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுத்துவிட்டு, கடைப் பூட்டைப் பூட்டி விற்கிறவர்களும் உண்டு. விடுதிக்காரர் அந்தக் கதவைத் தேடி வந்ததே கொண்டிக்காகத்தான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி உங்கள் பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில்தான் படியும்.

அப்படியானால் கையே வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கலாம், விற்கும் பொருளைக் கெடுக்காமல். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். மெஷின் தலைக்குத் தையல் மெஷின் எண்ணெயும் பருத்தித் துணியும் போதும். அதையும் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தொட்டுப் பாருங்கள். சக்கரம் இறுகியிருந்தால் முறுக்காதீர்கள். பழைய எண்ணெய் உள்ளே பிசினாக உறைந்திருக்கும். எண்ணெய் விடும் துளைகளில் சொட்டுச் சொட்டாக விட்டு ஓர் இரவு வைத்துவிட்டு, மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். விடாவிட்டால் இன்னோர் இரவு. இரும்புக் காலில் துரு இருந்தால் கம்பித் தூரிகை போட்டு எண்ணெய் பூசுங்கள்; நம் கடல் காற்றில் அதைச் செய்யாமல் விடுவதும் பிழைதான். கதவில் கறையானைப் பார்க்க வேண்டும், ஆடும் மூட்டை இறுக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம்.

நீளச் சட்டில் (அடிநூல் பொபினைத் தாங்கும் பாகம்) போடும் வகை மெஷின் என்றால் சட்டிலும் பொபினும் உள்ளே இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். இல்லாவிட்டால் அந்த வீட்டு அக்காவிடம் பொத்தான் டப்பாவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். காசு கொடுத்து வீட்டுக்கு ஏற்றி வந்த பிறகு தேடினால் அலைச்சல்தான்.

கதவைக் கழற்றும்போது நிலைக்கும் கதவுக்கும் சோக்கால் ஒரே எண் எழுதாமல் விடுவது

எழுதுங்கள்.

வெள்ளம் குடித்த பொருளை வாங்குவது

நமக்கு மழை நவம்பரிலிருந்து ஜனவரி வரை. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் எவ்வளவு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வடிந்து சில வாரங்களில் மலிவு விலையில் பிரிட்ஜ், வாஷிங் மெஷின், நீர்ப்பம்பி எல்லாம் சந்தைக்கு வரும். வெயிலில் காயவைத்தால் அவை ஓடவும் செய்யும். நீங்கள் விற்றுச் சில வாரம் கழித்து நின்றுவிடும்.

பின்தகட்டின் அடி ஆணி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். வெளியே துடைத்திருப்பார்கள், ஆணித் துளைக்குள் மெல்லிய சேறு காய்ந்திருக்கும். கொம்பிரசரின் மின் இணைப்பு மூடியைத் திறந்தால் பச்சை படிந்த செம்பு தெரியும். பலகை அலுமாரி என்றால் அடியிலிருந்து எவ்வளவு உயரத்துக்கு ஊதியிருக்கிறது என்று கையால் தடவினாலே தண்ணீர் நின்ற மட்டம் தெரிந்துவிடும்.

பிரிட்ஜ் பார்க்கப் போகுமுன் அதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜில் குளிர் இருக்கத்தான் செய்யும். எவ்வளவு நேரத்தில் குளிருக்கு வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்கள் தரும் தேநீரைக் குடியுங்கள், அவசரப்படாதீர்கள். படுக்கவைத்து ஏற்றி வந்தீர்கள் என்றால் சில மணி நேரமாவது நிமிர்த்தி வைத்த பிறகே பிளக்கைப் போடுங்கள். கொம்பிரசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும்.

‘ஒல்லாந்தர் காலத்துப் பெட்டி’ என்று எழுதுவது

ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து 1638இல் பிடித்தார்கள். உங்கள் பெட்டி அவ்வளவு பழையதா? இல்லையென்றால் எழுதியது பொய். ஆம் என்றால் இன்னும் சிக்கல்: 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன, உரிமப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழைய முதிரைப் பெட்டி என்று எழுதினால் போதும்.

அஸ்பெஸ்டஸ் சீட்

இலவசமாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். உடைத்தாலும் வெட்டினாலும் வரும் தூசி புற்றுநோய் தருவது.

முற்பணம் இல்லாமல் கொழும்புக்கு அனுப்புவது

மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீட்டருக்கு மேல். பொருள் கைக்குக் கிடைத்ததும் காசு என்ற முறையில் கூரியரில் அனுப்புகிறீர்கள். போய்ச் சேரும்போது வாங்குகிறவர் தொலைபேசியை எடுப்பதில்லை, அல்லது மனைவிக்குப் பிடிக்கவில்லை என்கிறார். பொதி திரும்பி வருகிறது. போன கூலி, வந்த கூலி, வழியில் உடைந்தது எல்லாம் உங்கள் தலையில். ஆகவே போய்வரும் கூலி அளவுக்காவது முற்பணம் வங்கியில் போடச் சொல்லுங்கள். அதைக் கேட்டதும் காணாமல் போகிறவர் பொதியையும் எடுத்திருக்க மாட்டார்.

கூலியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பாரம் குறைந்து பெட்டி பெரிதாக இருந்தால் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி வரும் அளவுக்கே பல கூரியர்கள் காசு வாங்குகின்றன. பிரம்புக் கதிரை ஒன்றை அனுப்பப்போய், கூலி கதிரையின் விலையை எட்டிப் பிடித்ததைக் கண்டிருக்கிறேன்.

மெஷின் என்றால் தலையையும் காலையும் கழற்றித் தனித்தனியாகக் கட்டுங்கள். வார்ப்பிரும்பு வளைந்து கொடுக்காது, உடையும். சக்கரத்துக்கும் பெட்டிக்கும் இடையில் பழைய சாரம் ஒன்றை மடித்து இறுக்குங்கள். மூடுவதற்கு முன் தொடர் எண் தெரிய ஒரு படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்புங்கள். தன்னிடம் ஏற்கனவே கிடந்த உடைந்த தலையைப் படம் பிடித்து, இதுதான் வந்தது, காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள்.