முடி உதிர்வு: மருந்துக்கு முன் தலையைப் பாருங்கள்

முடி கொட்டுகிறது என்றவுடன் மருந்தைத் தேடுவதை விட, அது எந்த இடத்தில், எவ்வாறு கொட்டுகிறது என்பதை நல்ல வெளிச்சத்தில் முதலில் கவனிப்பதே பயன் தரும். நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் வரை உதிர்வது இயல்பே.

தலை முழுவதும் சீராகக் கொட்டினால், 2 அல்லது 3 மாதங்களுக்கு முன் கடும் காய்ச்சலோ, மகப்பேறோ, அறுவை சிகிச்சையோ, உடல் எடை திடீரெனக் குறைந்ததோ உண்டா என்று நினைத்துப் பாருங்கள். அப்போது வளர்ச்சி நின்று ஓய்வுப் பருவத்துக்குச் சென்ற முடிகள் இத்தனை நாள் கழித்தே உதிர்வதால், காரணத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இது பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் தானே அடங்கும். அடங்காவிட்டால் இரும்புச்சத்து, தைராய்டு பரிசோதனைகள் தேவைப்படும்.

வட்டமாக, வழுவழுப்பாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். பெயரில் மட்டுமே புழு உண்டு. உடலின் எதிர்ப்பாற்றலே முடிவேர்களைத் தாக்குவதால் வருவது அது. அதே வட்டத்தில் செதிலும் ஒடிந்த முடிகளும் தெரிந்தால், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, பூஞ்சைத் தொற்றாகிய படர்தாமரையை ஐயுற வேண்டும். களிம்பு முடிவேர் வரை எட்டாது என்பதால் உள்மருந்து அவசியம். சொட்டை விழுந்த இடத்தில் வலியோ எரிச்சலோ இருந்து, முடித்துளைகளே மறைந்து தோல் தழும்புபோல் மினுங்கினால், தோல் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் அங்கு அழிந்த வேர் மீண்டும் முளைப்பதில்லை.

முடி உதிர்வோடு பொடுகும் இருந்தால், பூஞ்சையை ஒடுக்கும் கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தேய்த்தவுடன் அலசிவிடாமல், 3 முதல் 5 நிமிடங்கள் ஊறவிட வேண்டும்.

நெற்றியோரமும் உச்சியும் மெல்ல மெல்லக் குறைவது பரம்பரை வழுக்கை. இதற்கு முடி வளரத் தூண்டும் மருந்தாகிய மினாக்சிடிலைத் தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவதுண்டு; மருந்து வேலை செய்யத் தொடங்கும் அந்தக் கட்டத்திலேயே அஞ்சி நிறுத்திவிடுவது வீண். பலனை மதிப்பிட நான்கு மாதங்களாவது வேண்டும்; நிறுத்தினால் வளர்ந்தது சில மாதங்களில் போய்விடும். ஆண்களுக்கு உரிய ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரை, சிலருக்குப் பாலுறவு நாட்டத்தைக் குறைக்கக்கூடும் என்பதாலும், புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் காட்டும் என்பதாலும், மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ளத் தக்கது. கருவுற்ற பெண்கள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. கண்ணாடியை நம்பாமல், மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், அதே வகிடு எடுத்துப் படம் பிடித்து வைத்தால் மருத்துவருக்கும் உதவும்.